மாலையும் மெட்டல் டிடெக்டரும்: ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சோதனை வாசலின் கதை

எங்கள் வீட்டில் காலையில் முதலில் கிளம்புவது அக்காதான். முதல் ஷிப்ட் என்றால் நாலரை மணிக்கே எழுந்துவிடுவாள். கம்பெனி பஸ் பிடித்து, ஒரகடம் பக்கம் இருக்கும் அவள் தொழிற்சாலையின் கேட்டில் இறங்கி, டேக்கைக் காட்டி, மெட்டல் டிடெக்டர் வாசல் வழியாக நுழைந்து, பிறகு ஒரு பெண் செக்யூரிட்டி கையில் மட்டை மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு மேலும் கீழும் தடவிப் பார்த்த பின்புதான் லைனுக்குப் போக முடியும். வெளியே வரும்போதும் இதே கதை.

கல்யாணம் ஆகி வந்த முதல் மாதம், மெட்டியோடு போனாள். வாசல் கத்தியது. கழற்றச் சொன்னார்கள். புது மெட்டி, விரலில் இறுகிப்போய் வரவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டே போகிறது, யாரோ சலித்துக்கொள்கிறார்கள், இவள் சுவரோரம் உட்கார்ந்து சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றியிருக்கிறாள். லைனுக்குப் போக 7 நிமிடம் லேட். அரை மணி நேரச் சம்பளம் பிடித்துவிட்டார்கள். (கம்பெனி பெயர் வேண்டாம். அவள் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள்.) இன்றைக்கும் அவள் கைப்பையில் மெட்டிக்கென்று ஒரு சின்ன டப்பா இருக்கிறது. துப்பட்டாவுக்கு ஊக்கு குத்துவதையும் நிறுத்திவிட்டாள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா இல்லை, என் வகுப்புத் தோழன் ஒருவன். அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தில் ஊழியரே உள்ளே வந்து சுட்டதைப் பற்றி ஏதோ படித்துவிட்டு, "நம்ம பக்கம் ஒவ்வொரு கம்பெனி கேட்லயும் மெஷின் வெச்சிருக்கான்டா, அதனாலதான் இங்க இந்த மாதிரி எதுவும் நடக்கறதில்ல" என்றான். அவன் இதைச் சொன்ன இடம்தான் வேடிக்கை. ராஜீவ் காந்தி நினைவிடத்துக்கு எதிரே, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம்.

அவன் சொன்னது சரியா? அந்த மெஷின் எதற்காகப் பிறந்தது, யாரைத் தடுத்தது, யாரைத் தடுக்கவில்லை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊரில் நடந்தது.

ஸ்ரீபெரும்புதூர் என்றால் எங்கள் பாட்டிக்கு ராமானுஜர் பிறந்த ஊர், ஆதிகேசவப் பெருமாள் கோயில். என் தலைமுறைக்கு கார் கம்பெனி, செல்போன் கம்பெனி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது 1991 மே 21 என்ற தேதி. பொதுத்தேர்தல் நேரம். தி.மு.க. ஆட்சி அந்த வருடம் ஜனவரி 30ஆம் தேதி கலைக்கப்பட்டு, தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஆதரவு கேட்க, விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் சென்னை வந்த ராஜீவ், போரூர், பூந்தமல்லி வழியாகக் காரில் இங்கே வந்தார். வழியெல்லாம் வரவேற்பு. காரிலேயே வெளிநாட்டுப் பத்திரிகையாளருக்குப் பேட்டியும் கொடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஊருக்குள் நுழைந்ததும் இந்திரா காந்தி சிலைக்கு மாலை போட்டுவிட்டு, மேடையை நோக்கிச் சிவப்புக் கம்பளத்தில் நடந்தார். இரவு மணி சுமார் 10.20.

மாலை போடக் காத்திருந்தவர்களின் வரிசையில் தணு என்ற பெண் நின்றிருந்தார். பச்சையும் ஆரஞ்சும் கலந்த சல்வார் கமீஸ், கையில் பூம்புகார் கடையில் வாங்கிய சந்தன மாலை. உடைக்குள்ளே ஜீன்ஸ் துணியில் தைத்த ஒரு பட்டை, அதில் ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்து, ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன எஃகுக் குண்டுகள், மின்கம்பி, பேட்டரி, இரண்டு சுவிட்சுகள். வெடித்த பிறகு கிடைத்த துணுக்குகளை வைத்து இதையெல்லாம் ஒன்றொன்றாகச் சேர்த்துக் காட்டியவர், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பேராசிரியர் பி. சந்திரசேகரன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். எஃகுக் குண்டு, கம்பி, பேட்டரி. என் அக்காவின் மெட்டிக்குக் கத்திய மெஷின் இதற்குக் கத்தியிருக்காதா? கட்டாயம் கத்தியிருக்கும். ஆர்.டி.எக்ஸ். உலோகம் இல்லை, அதை மட்டும் தனியாக வைத்தால் மெட்டல் டிடெக்டருக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பட்டையில் இருந்த இரும்புக்கு, கையில் வைத்துத் தடவும் சாதாரணக் கருவியே போதும். 1991இல் இந்தியாவில் அந்தக் கருவி ஒன்றும் அபூர்வமானதில்லை. அந்தப் பெண்ணை யாரும் சோதிக்கவில்லை, அவ்வளவுதான். மாலை போட அனுமதிக்கப்பட்டவர்களின் பட்டியல் என்று ஒன்று இருந்தது. அதில் இல்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். கையில் மாலை இருந்தால் போதும் என்கிற மாதிரி ஆகிவிட்டது.

தடுக்க முயன்ற ஒருவர் இருந்தார். அனுசுயா என்ற பெண் சப்-இன்ஸ்பெக்டர், நெருக்கிக்கொண்டு வந்த தணுவைப் பின்னுக்குத் தள்ளினார். எல்லோரும் வரட்டும், பரவாயில்லை என்கிற மாதிரி ராஜீவ் சொன்னதாக அவர் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த சில நொடிகளில் தணு காலைத் தொடுவது போலக் குனிந்தார். அனுசுயா படுகாயத்தோடு பிழைத்தார். ராஜீவோடு இறந்தவர்களில் 9 பேர் போலீஸ்காரர்கள். அவருடைய சொந்தப் பாதுகாவலர் பிரதீப் குப்தாவும் அதில் ஒருவர். படம் எடுக்க அழைத்து வரப்பட்ட ஹரிபாபு செத்துப்போனார், அவருடைய கேமரா மட்டும் பிழைத்தது. அதில் இருந்த 10 படங்கள்தான் வழக்கையே திறந்த சாவி. நீங்களும் பார்த்திருப்பீர்கள், கூட்டத்தில் மாலையோடு நிற்கும் அந்தப் படத்தை.

இன்னொரு விஷயம். மே 21 முதல் முயற்சி இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்பு சென்னை நந்தனத்தில் வி.பி. சிங் கூட்டத்தில் இதே குழுவினர் ஒத்திகை பார்த்தார்கள். வெடிகுண்டு இல்லை, மாலை மட்டும். ஒரு முன்னாள் பிரதமருக்கு எவ்வளவு அருகில் போக முடிகிறது என்று பார்த்தார்கள். போக முடிந்தது. இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது. சோதனை வாசலைச் சோதித்துப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

பாதுகாப்புக் குறைபாடுகளை மட்டும் ஆராய நீதிபதி ஜே.எஸ். வர்மா கமிஷன் அமைக்கப்பட்டது. (சதியை ஆராய்ந்தது ஜெயின் கமிஷன். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) 1992இல் வந்த வர்மா அறிக்கை யார் ஒருவரையும் தனியாகக் குற்றவாளி ஆக்கவில்லை. 1988ஆம் வருட எஸ்.பி.ஜி. சட்டப்படி சிறப்புப் பாதுகாப்பு பிரதமருக்கும் அவர் குடும்பத்துக்கும்தான். 1989 டிசம்பரில் பதவி போனதும் ராஜீவுக்கு அது விலக்கிக்கொள்ளப்பட்டது, அதற்கு ஈடான வேறு ஏற்பாட்டை மத்திய அரசு செய்யவில்லை. மாநிலப் போலீஸ் கூட்டத்தைக் கட்டுப்படுத்தவில்லை. உள்ளூர்க் கட்சிக்காரர்கள் பாதுகாப்பு ஏற்பாட்டில் தலையிட்டார்கள். மூன்று பேரும் பொறுப்பு. கருவி இல்லாததால் நடந்தது என்று அறிக்கை சொல்லவில்லை. அதே வருடம், 1991இலேயே, எஸ்.பி.ஜி. சட்டம் திருத்தப்பட்டு முன்னாள் பிரதமர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். 1991 ஆகஸ்ட் 20 அன்று பெங்களூரு அருகே கோணனகுண்டேயில் போலீஸ் உள்ளே நுழைந்தபோது சிவராசன் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தார். பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு விதித்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்தது. அதாவது ஏழு வருடத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்து, தூக்குத் தண்டனையும் கேட்டுவிட்டு, பிறகு வெளியே வந்தவர்கள் 19 பேர். மிஞ்சிய ஏழு பேரில் பேரறிவாளன் 2022 மே மாதமும், மற்ற ஆறு பேர் அதே வருடம் நவம்பரிலும் விடுதலை ஆனார்கள். நினைவிடத்தை 2003 அக்டோபரில் அப்துல் கலாம் திறந்து வைத்தார்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். தோழன் கேட்டது துப்பாக்கி பற்றித்தானே.

தமிழ்நாட்டில் சண்டை என்றால் நம் மனதில் வருவது அரிவாள், நாட்டு வெடிகுண்டு. துப்பாக்கி சினிமாவில்தான். இது நம்முடைய நல்ல குணத்தால் வந்ததில்லை, சட்டத்தால் வந்தது. 1857 எழுச்சியைப் பார்த்துப் பயந்த வெள்ளைக்காரன் 1878இல் ஆயுதச் சட்டம் கொண்டுவந்தான். இந்தியன் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டும், வெள்ளைக்காரனுக்கு வேண்டாம். சுதந்திரத்துக்குப் பிறகு 1959இல் வந்த புதிய ஆயுதச் சட்டம் அந்த நிறபேதத்தை எடுத்துவிட்டது, உரிமத்தை எடுக்கவில்லை. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பது அரசியலமைப்பே கொடுத்த உரிமை, இங்கே கலெக்டர் ஆபீஸ் கொடுக்கும் சலுகை. நம் தொழிற்சாலைகளில் துப்பாக்கிச் சூடு நடக்காததற்கு முதல் காரணம் கேட்டில் இருக்கும் மெஷின் இல்லை, இந்தச் சட்டம்தான் என்று நினைக்கிறேன். துப்பாக்கி கேட் வரைக்கும் வந்தால்தானே மெஷினுக்கு வேலை!

ஆனாலும் துப்பாக்கி இங்கே வராமல் இல்லை. வந்தபோதெல்லாம் அரசியலோடுதான் வந்தது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா ராமாவரம் வீட்டிலேயே சுட்டார். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் போஸ்டர் அந்தத் தேர்தலில் என்ன வேலை செய்தது என்று தாத்தாக்களைக் கேட்டால் சொல்வார்கள். அவர் குரல் அதற்குப் பிறகு பழைய குரலாக இல்லை. 1982 மே மாதம் பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ள, சென்னைவாசிகள் முதல்முறையாக இலங்கைப் பிரச்சினையைத் தங்கள் கடைத்தெருவிலேயே பார்த்தார்கள். 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் உடனிருந்த பத்துக்கும் மேற்பட்டவர்களும் ஏகே-47ஆல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். எங்கள் ஊரில் நடந்ததற்குப் பதினோரு மாதம் முன்பு. கொலையாளிகள் தப்பிப் போனார்கள். அந்தச் சங்கிலியைச் சரியாகப் பிடித்திருந்தால் 1991 நடந்திருக்குமா என்று இன்றும் கேட்கிறார்கள்.

வேலைசெய்யும் இடத்துக்கும் துப்பாக்கிக்கும் தமிழ்நாட்டில் உறவு உண்டா என்று தேடினேன். உண்டு. ஆனால் அது வேறு மாதிரி. 1908இல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள், தொழிலாளிகள் ஜெயித்தார்கள். சில நாளிலேயே தலைவர்கள் இருவரும் கைது, மார்ச் 13 அன்று திருநெல்வேலி கொதித்தது, போலீஸ் சுட்டு 4 பேர் செத்தார்கள். அப்போது தூத்துக்குடியில் அதிகாரியாக இருந்தவர் யார் தெரியுமா? அதே ஆஷ். மணியாச்சிக் குண்டுக்கு ஒரு மில் கேட்டிலிருந்து நூல் பிடிக்கலாம். பிறகு 1920, 1921இல் பெரம்பூர் பின்னி மில் போராட்டத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூடு. நூறு வருடம் தாண்டி 2018 மே 22 அன்று, ஒரு தொழிற்சாலையை எதிர்த்துக் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனவர்கள் மீது மறுபடி தூத்துக்குடியில் சூடு, 13 பேர் பலி. விசாரித்த அருணா ஜெகதீசன் ஆணையம் போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. ஆக, நம் மாநிலத்தில் தொழிற்சாலை சம்பந்தமாகச் சுடப்பட்ட குண்டுகள் பெரும்பாலும் எந்த மெட்டல் டிடெக்டரும் நிறுத்திக் கேட்காத துப்பாக்கிகளிலிருந்து வந்தவை.

இனி மெஷினின் கதை. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி.

1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் ஒரு ரயில் நிலையத்தில் சுடப்பட்டார். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. எக்ஸ்-ரே கண்டுபிடிக்க இன்னும் 14 வருடம் இருந்தது. டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல், கம்பிச் சுருள்களை வைத்து ஒரு கருவி செய்து கொண்டுவந்தார். உலோகத்தின் பக்கத்தில் போனால் காதில் சத்தம் கேட்க வேண்டும். கேட்டது, எங்கே வைத்தாலும் கேட்டது! அதிபர் படுத்திருந்த மெத்தைக்குள் இருந்த எஃகு ஸ்பிரிங்தான் காரணம் என்று சொல்கிறார்கள். அதோடு, குண்டு வலது பக்கம் இருக்கிறது என்று அடம்பிடித்த மருத்துவர், பெல்லை அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டு இடது பக்கம் இருந்தது. கழுவாத கையால் காயத்தைத் துழாவித் துழாவி, செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்தார். கருவி சரி, தேடச் சொன்ன இடம் தப்பு. நூற்றுப்பத்து வருடம் கழித்து எங்கள் ஊரில் நடந்ததும் ஏறக்குறைய இதுதானே?

தத்துவம் சுலபம், பிளஸ் டூ இயற்பியல்தான். சுருளில் மாறுமின்னோட்டம் விட்டால் சுற்றிலும் மாறும் காந்தப்புலம். அதற்குள் உலோகம் வந்தால் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகும், அது தனக்கென்று ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இன்னொரு சுருள் அதைப் பிடித்துக்கொள்ளும். பீப். அது துப்பாக்கியா, மெட்டியா, முழங்காலில் வைத்த பிளேட்டா என்று மெஷினுக்குத் தெரியாது. எவ்வளவு உலோகத்துக்குக் கத்த வேண்டும் என்று அளவு வைக்கிறவர் மனிதர்தான்.

ஆள் நடந்து போகும் வாசலாக இதை முதலில் வைத்தது எங்கே? விமான நிலையம் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. 1926இல் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்தில், ஒரு தொழிற்சாலையில். தொழிலாளிகள் வெளியே போகும்போது உலோகப் பொருள் எதையாவது எடுத்துப் போகிறார்களா என்று பார்க்க! துப்பாக்கியைத் தேட இல்லை, திருட்டைப் பிடிக்கத்தான் இந்த வாசல் பிறந்தது. பிறகு இரண்டாம் உலகப் போரில் போலந்துக்காரர் கொசாட்ஸ்கி செய்த கண்ணிவெடி தேடும் கருவி 1942இல் எல் அலமெய்ன் போரில் உதவியது. விமானக் கடத்தல்கள் அதிகமானதும் 1973 ஜனவரியிலிருந்து அமெரிக்க விமான நிலையங்களில் ஒவ்வொரு பயணிக்கும் சோதனை கட்டாயமானது. இந்தியாவில் 1999 காந்தஹார் கடத்தலுக்குப் பிறகு, 2000இல் ஜெய்ப்பூரில் ஆரம்பித்து, விமான நிலையக் காவல் சி.ஐ.எஸ்.எஃப். கைக்குப் போனது. 2008 மும்பைத் தாக்குதல் முடிந்ததும் 2009இல் சட்டத்தைத் திருத்தி, தனியார் நிறுவனங்களும் பணம் கட்டி சி.ஐ.எஸ்.எஃப். பாதுகாப்புப் பெறலாம் என்றார்கள். பெங்களூரு இன்ஃபோசிஸ் வளாகத்துக்கு அந்த வருடமே துப்பாக்கியோடு காவல் வந்தது.

அப்படிச் சுற்றிச் சுற்றி அந்த வாசல் எங்கள் நெடுஞ்சாலைக்கு வந்தபோது, லைப்சிக்கில் செய்த பழைய வேலையைத்தான் பார்க்கிறது. பாதுகாப்பு என்று போர்டு இருக்கும். ஆனால் அக்காவின் கம்பெனியில் உள்ளே போகும்போது ஒரு நிமிடம், வெளியே வரும்போது ஐந்து நிமிடம் சோதிக்கிறார்கள். ஆயுதத்துக்குப் பயந்தால் உள்ளே வரும்போது அல்லவா அதிகம் சோதிக்க வேண்டும்? எங்கள் சித்தப்பா வேறொரு கம்பெனியில் கேட் செக்யூரிட்டி, 12 மணி நேர டூட்டி. அவரிடம் கேட்டேன். "துப்பாக்கி எவன்டா கொண்டாருவான்? போர்டு, சிப்பு, செல்போன்... இதுக்குத்தான்டா" என்றார். தப்பு என்று சொல்ல மாட்டேன். உள்ளங்கையில் அடங்கும் பொருள் ஆயிரக்கணக்கில் விலை போகும்போது முதலாளி கவலைப்படத்தான் செய்வார். ஆனால் அந்தக் கவலைக்கான நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

இந்தக் கேள்வி அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அமேசான் கிடங்குகளில் வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளர்கள், திருட்டுத் தடுப்புச் சோதனைக்காகச் சுமார் 25 நிமிடம் காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதற்குச் சம்பளம் வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2014 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் கிடையாது என்றார்கள், அது வேலையின் பகுதி இல்லையாம். ஆனால் 2020இல் கலிஃபோர்னியா மாநில உச்ச நீதிமன்றம், ஆப்பிள் கடைகளில் ஊழியர்களின் பையைச் சோதிக்கும் நேரத்துக்குச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. ஐபோன் விற்கிறவருக்குக் கிடைத்த தீர்ப்பு இது. ஐபோனை ஒட்டுகிற பெண்கள் எங்கள் சுங்குவார்சத்திரத்தில் இருக்கிறார்கள்.

தோழன் படித்த அந்த மாதிரிச் சம்பவங்களையும் பார்த்துவிடுவோம். 1986 ஆகஸ்ட் 20 அன்று ஓக்லஹோமா மாநிலம் எட்மண்ட் தபால் நிலையத்தில் ஓர் ஊழியர் சக ஊழியர்கள் 14 பேரைச் சுட்டுக் கொன்றார். 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடத்தில் 12 பேர். அங்கே சுட்டவர் அன்று காலைதான் ராஜினாமா அனுப்பியிருந்தார். ஊழியர்கள் மட்டும் நுழையும் கதவுகளுக்கு அட்டை வேண்டும், அட்டை அவரிடம் இருந்தது, வேலை செய்தது. 2021 மே 26 அன்று சான் ஹொசே ரயில் பணிமனையில் 9 பேர், அங்கும் ஊழியர்தான். மூன்றிலும் வந்தவர் வெளியாள் இல்லை. உள்ளே வர உரிமை இருந்தவர். நந்தனத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் அந்த அட்டையின் வேலையை மாலை செய்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வைத்து, நிற்காமல் நடந்து போகும்போதே ஆயுதத்தைக் கண்டுபிடிக்கும் வாசல் என்று விற்கிறார்கள். 2024இல் நியூயார்க் சுரங்க ரயிலில் ஒரு மாதம் வைத்துப் பார்த்தார்கள். 2749 சோதனைகள். ஆயுதம் இல்லாதவரை இருப்பதாகச் சொன்னது 118 முறை. கத்திகள் 12. துப்பாக்கி ஒன்றுகூட இல்லை. அந்தக் கருவியைச் செய்த எவால்வ் நிறுவனம் திறமையை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாக அந்த நாட்டு வர்த்தக ஆணையமே அதே வருடம் நடவடிக்கை எடுத்தது. அந்த 118 பேரில் எத்தனை பேர் சுவரோரம் உட்கார்ந்து எதையாவது கழற்றினார்களோ!

நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் கொலை நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2009 செப்டம்பரில் கோவையில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மனிதவள அதிகாரி இரும்புக் கம்பியால் தாக்கப்பட்டு இறந்தார். 2012 ஜூலை 18 அன்று ஹரியானா மானேசர் மாருதி ஆலையில் வன்முறை, தீ, ஒரு மனிதவள மேலாளர் பலி. அந்த வழக்கில் கைதானவர்கள் 148 பேர். ஐந்து வருடம் கழித்து 2017இல் அவர்களில் 117 பேர் நிரபராதி என்று விடுதலை. அந்த இரண்டு இடத்திலும் எந்த மெஷினும் எதையும் கண்டுபிடித்திருக்காது. கம்பி ஆலைக்குள்ளேயே இருந்தது. சங்கத் தகராறும் வேலைநீக்கமும் மாதக்கணக்கில் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நடந்துகொண்டிருந்தன.

எங்கள் பக்கமும் செத்தவர்கள் உண்டு, துப்பாக்கியால் அல்ல. 2010இல் நோக்கியா தொழிற்சாலையில் ஓர் இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தார். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்களின் விடுதியில் உணவு விஷமாகி 150க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். தோழிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல், ஆயிரக்கணக்கான பெண்கள் ராத்திரியில் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். முப்பது வருடத்துக்கு முன்பு ராஜீவ் வந்ததும் இதே சாலையில்தான். போராட்டத்துக்குப் பிறகு விடுதி, சாப்பாடு இரண்டும் மாறின, அக்காவின் தோழி ஒருத்தி அங்கே இருக்கிறாள், அவள் சொல்லித் தெரியும்.

இதையெல்லாம் எழுதி முடித்து அக்காவிடம் படித்துக் காட்டினேன். ராஜீவ் பகுதியை மட்டும் இரண்டாவது முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "அந்த எஸ்.ஐ. அம்மா தள்ளி விட்டாங்க இல்ல, அப்பவே அவங்க பேச்சைக் கேட்டிருக்கலாம்" என்றாள். அவள் கேட்டில் இருக்கும் பெண் செக்யூரிட்டியும் அனுசுயா மாதிரிதானே என்று நான் கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "பாவம்டா அந்தக்கா. என் மெட்டியைக் கழற்ற சோப்பு கொண்டாந்து குடுத்ததே அவங்கதான். சம்பளம் பிடிச்சது அவங்க இல்ல."

அந்த அக்காவுக்கும் காலில் மெட்டி கிடையாதாம். டூட்டிக்கு வரும்போது அவரும் அதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும்.